கீமேன் நடந்த கரை

"பொம்பளைங்க காலப் பாத்துக்கினே நடந்த கெழவன் ஆயா அது. நான் ஒண்ணும் இட்டுக்கட்டிச் சொல்லல" என்றாள் கலையரசி, குடத்தைக் குழாய்க்கு அடியில் தள்ளியபடி.

"தரையப் பாத்துக்கினு நடந்தான்டி. தரை மேல உங்க காலு இருந்தா அவன் இன்னா பண்ணுவான்?" என்றேன் நான்.

தெருக்குழாயில் நின்றிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். கலையரசி எங்கள் வீட்டுக்கு நாலாவது வீடு. கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். போன வருஷம் நான் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். ஆனால் ஒரு பேச்சு கிடைத்துவிட்டால் அதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது.

"அப்ப சுத்தியலும் கையுமா அலைஞ்சது? பாவாடையக் கொடி கட்னது? அந்த நர்சம்மா காலு போனது? இப்ப ஊட்ட வுட்டே ஓடிட்டது? எல்லாத்துக்கும் ஒரு பதிலு வெச்சிருக்கியா?"

"வெச்சிருக்கேன். ஒன் கொடம் நெறஞ்சிடுச்சு, எடு."

ஒரு குடம் நிறைகிற நேரத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால்தான் இங்கே சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார்கள். எழுதியதை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்ட வேண்டும் என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பது போகப்போகத் தெரியும்.

தெய்வசிகாமணி என் கூடப்பிறந்த தம்பி. எனக்கு ஏழு வயது இளையவன். பெருமுக்கல் மலைக்குக் கீழே எங்கள் அப்பாவுக்கு முக்கால் காணி மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலை போடுகிற நிலம், இருந்தது. அவன் பத்தாவது வரைக்கும் படித்தான். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அவனைத் தூக்கி வைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டுக்குப் புல் அறுத்தபோது அரிவாள் என் வலது கட்டை விரலைக் குறுக்கே கிழித்தது. அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இருபத்திரண்டு வயதில் அவனுக்கு ரயில்வேயில் கேங்மேன் வேலை கிடைத்தது. பன்னிரண்டு வருஷம் ஜல்லி அள்ளிக் கொட்டினான். அப்புறம் கீமேன் ஆக்கினார்கள். கீமேன் என்றால் தண்டவாளத்தின் மேல் தினமும் நடக்கிற ஆள். ஆளுக்கு ஐந்தாறு கிலோமீட்டர் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். விடிந்ததும் தோளில் நீளக் காம்பு போட்ட சுத்தியல், கையில் சிவப்புக் கொடி, பச்சைக் கொடி. போகும்போது ஒரு பக்கத்துத் தண்டவாளம், திரும்பும்போது மறு பக்கத்துத் தண்டவாளம். தண்டவாளத்தைக் குறுக்குக் கட்டையோடு பிடித்திருக்கிற கிளிப்பு கழன்றிருந்தால் தட்டி உள்ளே ஏற்ற வேண்டும். எங்கேயாவது விரிசல் கண்டால் இரண்டு பக்கமும் சிவப்புக் கொடி நட்டுவிட்டு, ஆட்கள் வந்து சேருகிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகராமல் நிற்க வேண்டும். மயிலம் ஸ்டேஷனுக்கும் பேரணி ஸ்டேஷனுக்கும் நடுவில் இருபத்தாறு வருஷம் அவன் அப்படி நடந்தான்.

"கண்ண எடுத்தா ஒரு கட்ட தாண்டிப் பூடும்க்கா. அந்தக் கட்டையிலதான் கிளிப்பு இல்லாம இருக்கும்" என்பான்.

அதனால் எங்கே போனாலும் தரையைப் பார்த்துத்தான் நடப்பான். என் மகள் கல்யாணத்தில் அவன் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேயில்லை. "செருப்பு வாரு அறுந்திருக்குது, மாப்பிள்ளைக்கு வேற வாங்கிக் குடு" என்று மட்டும் என்னிடம் வந்து சொன்னான்.

அவன் பெண்டாட்டி வடிவு செத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் கலையரசி சொல்லுவாள். வடிவுக்குக் காலையில் நெஞ்சு வலி வந்தது. சைக்கிளில் ஓர் ஆள் போய் லைனில் இவனைப் பிடித்துச் சேதி சொன்னான். இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் மிச்சம் இருந்தது. அதையும் தட்டி முடித்துவிட்டுத்தான் வந்தான். அவன் வந்தபோது வடிவைக் கிடத்தி நெற்றியில் காசு வைத்திருந்தோம். பிணத்துக்கு முன்னால், கூடியிருந்த அத்தனை பேருக்கும் எதிரில் நான் கேட்டேன்: "தண்டவாளத்துக்காடா நீ தாலி கட்டன?"

"மூணு வண்டி வர வேண்டியிருந்ததுக்கா" என்றான்.

அவன் மகன் அரிபிரசாத்துக்கு அப்போது பதினோரு வயது. பக்கத்தில் நின்று இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தான். பிள்ளைகள் மறந்துவிடும் என்று பெரியவர்கள் நினைக்கிறோம்.

வேலை ஓய்ந்ததும் கேங்கில் இருந்தவர்கள் மாலை போட்டு, புதுக் காம்பு மாட்டிய ஒரு சுத்தியலைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதோடு விழுப்புரம் வந்து மகன் வீட்டில் சேர்ந்தான். நான் திண்டிவனத்தில் என் மகள் வீட்டில் இருந்தேன். மருமகனுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. தம்பிதான் வந்து பையைத் தூக்கிக்கொண்டு என்னைக் கூட்டிவந்தான். ஊர் முடிகிற இடத்தில் இருக்கிற ரெட்டைப்பனை நகர் எங்களுடையது. அரிபிரசாத் ஒரு தனியார் கல்லூரி ஆபீசில் வேலை செய்கிறான். மருமகள் ஆர்த்தி வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறாள்.

எங்கள் நகருக்குப் பின்னால் ஆறு. அந்தக் கரையில் ஆடு மேயும், காலையில் சனங்கள் வெளிக்குப் போகும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த முள்ளையெல்லாம் வழித்து எடுத்துவிட்டு, சிவப்பும் மஞ்சளுமாகக் கல் பதித்து, இரும்பு நாற்காலி போட்டு, குரோட்டன்ஸ் வைத்து நடைபாதை ஆக்கினார்கள். நடப்பதற்காகக் காரில் வருகிறவர்களை நான் அங்கேதான் முதன்முதலில் பார்த்தேன். காலைத்தென்றல் நடையாளர் சங்கம் என்று ஒன்று வைத்தார்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் கோதண்டபாணி அதற்குத் தலைவர். வெள்ளை ஷூ, கழுத்தில் ஒரு விசில். அரிபிரசாத் வேலை பார்க்கிற கல்லூரியின் முதலாளிதான் அந்தச் சங்கத்துக்குப் புரவலர். அரிபிரசாத்தும் ஒரு டீ ஷர்ட் வாங்கிச் சேர்ந்துகொண்டான்.

தம்பிக்கு உயிர் வந்தது போல ஆயிற்று. வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து அவனுக்குக் கால் வீங்கிப்போயிருந்தது. சோறு இறங்கவில்லை. பாதை வந்த பிறகு விடியற்காலையில் கிளம்பிவிடுவான். தோளில் அந்தச் சுத்தியல். போகும்போது ஆற்றுப் பக்கத்து ஓரம், திரும்பும்போது வயல் பக்கத்து ஓரம். கண் தரையில். வந்து கேப்பைக் கூழ் இரண்டு சொம்பு குடிப்பான். "மூணாவது நாற்காலிகிட்ட ஒரு கல்லு ஆடுது", "அஞ்சாவதுகிட்ட எலி தோண்டியிருக்குது" என்று என்னிடம் கணக்குச் சொல்லுவான். எனக்கு அலுப்பாக இருக்கும். ஆனாலும் கேட்டுக்கொள்வேன். வேறு யாரிடம் சொல்லுவான்?

அங்கே தினமும் நடக்க வருகிறவர்களில் ஜெசிந்தா என்று ஒரு நர்சு. நாற்பது வயது இருக்கும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு கைவீசி நடப்பாள். ஒருநாள் அவனை நிறுத்திக் கேட்டிருக்கிறாள்.

"இன்னா பெரியவரே, தெனமும் என் காலுல அப்டி இன்னா பாக்குறீங்க?"

"காலு இல்லம்மா. நீங்க ஓரமாவே நடக்குறீங்க. அந்த ஓரத்துக் கல்லு சரியில்ல. நடுவுல நடங்க."

"நான் எங்க நடக்கணும்னு நீங்க சொல்றீங்களா?"

"ஆமாம்மா" என்றிருக்கிறான் இவன். வேறு எப்படிப் பேசுவது என்று அவனுக்குத் தெரியாது. லைனில் கீமேன் நில் என்றால் வண்டி நிற்கும்.

அன்றைக்கே பேச்சு பரவிவிட்டது. கோதண்டபாணி அரிபிரசாத்தைக் கூப்பிட்டு, "ஒங்க அப்பாவ தலைய நிமித்தி நடக்கச் சொல்லுப்பா, லேடீஸ் ஃபீல் பண்றாங்க" என்றார். அரிபிரசாத் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிவந்து கொடுத்தான். கண் எங்கே பார்க்கிறது என்று தெரியாதாம். தம்பி அதையும் மாட்டிக்கொண்டு போனான். குனிந்த தலை, கறுப்புக் கண்ணாடி, தோளில் சுத்தியல். நீங்களே நினைத்துப் பாருங்கள். இரண்டு பெண்கள் பயந்து திரும்பி ஓடியிருக்கிறார்கள். அன்று சாயங்காலமே அவன் போட்டோ சங்கத்துக் குரூப்பில் வந்துவிட்டது. கீழே என்னென்னவோ எழுதியிருந்தார்களாம். ஆர்த்தி படித்துவிட்டு, "வேணாம் அத்த, ஒங்களுக்கு எதுக்கு" என்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அப்புறம்தான் அந்த மழை. ஆறு நான்கு நாள் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. வெள்ளம் வடிந்த மறுநாள் தம்பி போய்விட்டு வந்து கூழைத் தொடவில்லை.

"எட்டாவது நாற்காலிகிட்ட தட்டிப் பாத்தன்க்கா. பொத்து பொத்துங்குது. மேல கல்லு இருக்குது, அடியில மண்ணு இல்ல. தண்ணி அறுத்துக்கினு பூட்டுது."

"சொல்ல வேண்டியவங்களாண்ட சொல்லிட்டு வுட்டுடு. ஒனக்கு எதுக்குடா பேஜாரு?"

கோதண்டபாணியிடம் போய்ச் சொன்னான். நானும் அன்றைக்குக் கீரை பறிக்கக் கூடவே போயிருந்தேன். அவர் எட்டாவது நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, வெள்ளை ஷூவால் இரண்டு தரம் குதித்துப் பார்த்தார்.

"கல்லு மாதிரி நிக்குது. இது ரயில் ரோடு இல்ல, தெய்வசிகாமணி. இது மேல எக்ஸ்பிரஸ் வராது."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஆள் வருதுங்களே சார்" என்றான் இவன்.

"மொதல்ல நீ வராம இரு. மத்ததெல்லாம் சரியாப் பூடும்."

வீட்டுக்கு வந்து என்னிடம் சிவப்புத் துணி இருக்கிறதா என்று கேட்டான். என்னிடம் பழைய சிவப்புப் பாவாடை ஒன்று இருந்தது. அதைக் கொடுத்தேன். இரண்டாகக் கிழித்து, இரண்டு சவுக்குக் குச்சியில் கட்டி, எட்டாவது நாற்காலிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று நட்டான். மறுநாள் காலையில் ஒருவர் எந்தக் கட்சி என்று கேட்டிருக்கிறார். இன்னொருவர் துணியை இழுத்துப் பார்க்க, நாடாவோடு தொங்கியிருக்கிறது. கிழவன் பெண்கள் நடக்கிற இடத்தில் பாவாடையைக் கொடி ஏற்றிவிட்டான் என்று ஊரே பேசியது. பாவாடை என்னுடையதடி, நான்தான் எடுத்துக் கொடுத்தேன் என்று எத்தனை பேரிடம் போய்ச் சொல்ல முடியும்? சொன்ன இடத்திலும் சிரித்தார்கள்.

கொடியைப் பிடுங்கி ஆற்றில் எறிந்துவிட்டார்கள். அதற்கு அவன் என்ன செய்தான்? இருபத்தாறு வருஷம் எதைச் செய்தானோ அதைத்தான் செய்தான். கொடி இல்லையென்றால் ஆள் நிற்க வேண்டும். எட்டாவது நாற்காலிக்குப் பக்கத்தில் ஆற்றோரத்தை மறைத்துக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து நின்றான். வருகிறவர்களை எல்லாம் வயல் பக்கமாக ஒதுங்கிப் போகச் சொன்னான். நம்பாதவர்களுக்குக் கல்லைத் தட்டிச் சத்தத்தைக் கேட்க வைத்தான். மூன்று நாள் நின்றான். அவன் சுத்தியலால் தட்டுவதை ஒருவர் நின்று நிதானமாக வீடியோ எடுத்தார். வழியை மறித்துக் கையைப் பிடிக்க வருகிறான் என்று ஜெசிந்தா புகார் சொன்னாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தனியாக நடக்கிற பெண்ணுக்குக் கையை விரித்து நிற்கிற ஆண் எப்படித் தெரிவானோ, அப்படித்தான் தெரிந்திருக்கிறான்.

நாலாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. புரவலர் வந்து கொடியசைத்து நடைப்போட்டி தொடங்கிவைக்கிற நாள். முந்தின நாளே கோதண்டபாணி அரிபிரசாத்துக்குப் போன் செய்துவிட்டார். விடிந்ததும் அரிபிரசாத் சங்கத்து டீ ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய், கேட்டை வெளிப்பக்கமாகப் பூட்டினான்.

"ஒரே ஒரு நாளுப்பா. மொதலாளி வர்றாரு. நீ அங்க நின்னா எனக்கு மூஞ்சி இல்ல."

"நான் நிக்கல. நீ நில்லு. யாரயாவது நிக்க வையி. எட்டாவது நாற்காலி" என்றான் தம்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"சரிப்பா, பாத்துக்கறேன்."

அவன் பார்த்துக்கொள்ளவில்லை. நான் என்ன சொன்னேன் என்பதையும் சொல்ல வேண்டும். "ஒரு நாளு சும்மா கெடடா, ஒலகம் ஒண்ணும் முழுகிப் பூடாது" என்றேன்.

ஏழரை மணிக்கு முழுகியது. எட்டாவது நாற்காலியும் அதோடு சேர்ந்து இருபதடி நீளப் பாதையும் ஆற்றில் இறங்கிவிட்டன. ஓரமாகப் போய்க்கொண்டிருந்தவள் ஜெசிந்தா. இரும்பு நாற்காலி அவள் வலது கால் மேல் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அந்தச் சேதி வந்தபோதும் தம்பி கேட்டின் கம்பியைப் பிடித்தபடிதான் இருந்தான். பூட்டு இன்னும் திறக்கவில்லை.

அவன் சொன்னது சரியாகப் போயிற்று, இனி தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள் என்று நான் நினைத்தேன். பைத்தியக்காரி நான். அன்று மத்தியானத்துக்குள்ளாகவே அந்த வீடியோ வந்துவிட்டது. சுத்தியல் தூக்குகிறான், தட்டுகிறான். மறுபடியும் தூக்குகிறான், தட்டுகிறான். மூன்று நாள் தட்டித் தட்டியே கரையை இளக்கிவிட்டான் என்றார்கள். கல் பதித்த காண்டிராக்டர் ஆளுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அவன்தான் அதை ஊர் முழுக்க அனுப்பினான். தள்ளுவதற்கு வேறு இடம் இல்லாத பழி, போகிற வழியில் ஒரு கிழவனைக் கண்டுகொண்டது.

ஜெசிந்தாவின் அண்ணனும் இன்னும் பத்துப் பேரும் வீட்டுக்கு வந்து நின்றார்கள். போலீசுக்குப் போவோம் என்றார்கள். கோதண்டபாணிதான் சமாதானம் செய்வது போல அரிபிரசாத்தைத் தனியே கூப்பிட்டார்.

"வயசான ஆளு, ஜெயிலு கேசுன்னு வேணாம். தப்பை ஒத்துக்கினு ஒரு லெட்டரு, சொந்தக்காரங்க ஒருத்தர் சாட்சி. அதோட சுத்தியலயும் குடுத்துடட்டும். முடிச்சிக்கலாம். மொதலாளியும் அதத்தான் சொல்றாரு."

இதை அரிபிரசாத் என்னிடம் பிற்பாடு சொன்னதால்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு அவன் என்னிடம் சொன்னது வேறு. நான் சமையல்கட்டில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு காகிதமும் மைப் பெட்டியும் கொண்டுவந்தான்.

"அத்த, அப்பாவ மறுபடியும் அந்தப் பாதையில நடக்க வுடணும்னு ஒரு மனு எழுதியிருக்கேன். சாட்சிக்கு நீ ஒரு ரேகை வையி."

"நல்லா எழுதியிருக்கியாடா? எங்க, படி."

"டைம் இல்ல அத்த, ஜல்தியாக் குடுக்கணும். நான் எழுதுனா தப்பாவா எழுதுவேன்?"

நான் தூக்கி வளர்த்த பிள்ளை. வடிவு போன பிறகு நாலு வருஷம் என் கையால் சோறு தின்றவன். கையைப் புடவையில் துடைத்துவிட்டு வலது கட்டை விரலை மையில் தோய்த்து வைத்தேன். நன்றாகப் பதியட்டும் என்று அழுத்தியே வைத்தேன்.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவன் அப்பாவிடம் போனான். தம்பி படித்தான். முதலிலிருந்து இன்னொரு தரம் படித்தான். கட்டில் மேல் வைத்துவிட்டான்.

"இதுல நான் போட மாட்டேன்."

"அத்தையே வெச்சிருக்குது. பாரு."

தம்பி குனிந்து பார்த்தான். என் ரேகையை உலகத்தில் யாரும் மாற்றிச் சொல்ல முடியாது. குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு விழும். அரிவாள் பட்ட கோடு. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தபோது பட்டது. அதை அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பேனாவைக் கேட்டான். போட்டான்.

சமையல்கட்டு வாசலிலிருந்து இதை நான் பார்த்தேன். மனு கொடுக்கக்கூட வீம்பு பிடிக்கிறான் என்றுதான் நினைத்தேன். "நல்லதுடா, இதோட எல்லாம் சரியாப் பூடும்" என்று சந்தோஷமாகச் சொன்னேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். மனிதர் முகத்தை அவன் நேராகப் பார்ப்பதே அபூர்வம். நான் உரித்த மல்லாட்டையில் ஒரு கை அள்ளி அவனிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் காகிதத்தை நடைபாதையில் படித்தார்கள். இடிந்த இடத்தில் கயிறு கட்டியிருந்தது. இந்தப் பக்கம் அரச மரத்தடியில் நாற்பது ஐம்பது பேர். பேப்பர் கப்பில் டீ, தொன்னையில் சுண்டல். தம்பியை நடுவில் நிற்க வைத்தார்கள். மறுபடியும் நடக்க விடுகிற சேதியைச் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்து நான் வெளுத்த புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். கோதண்டபாணி விசில் ஊதி எல்லாரையும் அடக்கினார். பள்ளிக்கூடத்தில் படிப்பது போல நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"எனக்குச் சில காலமாகப் புத்தி சுவாதீனம் இல்லை. பெண்கள் நடமாடும் பாதையில் தகாத நோக்கத்தோடு நின்றதையும், சுத்தியலால் தட்டி நடைபாதையைச் சேதப்படுத்தியதையும் ஒப்புக்கொள்கிறேன். என் மனைவி இறந்த நாளில்கூட வீட்டுக்கு வராமல் இருந்தது முதலே எனக்கு இந்தக் கோளாறு உண்டு. இதை என் மூத்த சகோதரி நன்கு அறிவார். அவர் இதில் சாட்சியாகக் கைரேகை வைத்துள்ளார்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. யாரோ இன்னொருவருடைய அக்காவைப் பற்றிப் படிக்கிறார்கள் என்று நினைத்தேன். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

"நான் அப்டிச் சொல்லல" என்றேன்.

கோதண்டபாணி காகிதத்தை என்னிடம் திருப்பிக் காட்டினார். "ரேகை ஒங்களுதுதானம்மா?"

"என்னுதுதான்."

"அப்பறம் இன்னா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. சுண்டல் தின்றுகொண்டே சிரித்தார்கள். தம்பியின் சுத்தியலை வாங்கிக் கோதண்டபாணி தன் காரில் போட்டுக்கொண்டார். அரிபிரசாத் அரச மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தம்பி மட்டும் யாரையும் பார்க்கவில்லை. அவன் பார்வை கயிறு கட்டிய இடத்துக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் இருந்த கல்லின் மேல் இருந்தது. கயிற்றை இன்னும் பின்னால் தள்ளிக் கட்டியிருக்க வேண்டும் என்று நினைத்திருப்பான். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அரிபிரசாத்தைச் சட்டையைப் பிடித்துக் கேட்டேன். அவன் என் கையை மெதுவாக எடுத்துவிட்டான்.

"என் வேல பூட்டிருக்கும் அத்த. கேசாயிருந்தா அவரும் ஜெயிலுக்குப் போயிருப்பாரு. அம்மா கதைய நான் இட்டுக்கட்டி எழுதிட்டேன்னு சொல்றியா? நீதான அன்னிக்கி எல்லாரும் கேக்கறாப்பல கேட்ட. தண்டவாளத்துக்காடா தாலி கட்டனன்னு. நான் மறக்கல. அம்மாவுக்காக ஒரு நாளு நடைய நிறுத்தாத மனுசன், எனக்காக ஒரு கையெழுத்து போடட்டும்."

தம்பி கட்டிலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் காலடியில் போய் உட்கார்ந்தேன்.

"எனக்குத் தெரியாதுடா சிகாமணி. மனுன்னு சொன்னான். ஒன்ன நடக்க வுடச் சொல்லி எழுதியிருக்கான்னு நெனச்சி வெச்சேன்டா."

அவன் கையிலிருந்த ஷூவையே பார்த்தான்.

"நீ வெச்சிருந்தத பாத்து நான் போட்டன்க்கா. நீயே அப்டி நெனைக்கிறன்னா சரியாத்தான் இருக்கும்னு போட்டேன்." ஷூவைக் கீழே வைத்தான். "ஒன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்கல. ஒரு கட்ட தாண்டிட்டன்க்கா."

அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசியதாக ஞாபகம் இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை. அரிபிரசாத் ஆபீசுக்குப் போய்விட்டான். ஆர்த்தி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கேட்டு பூட்டவில்லை. பூட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமல் போயிருந்தது. நான் வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். தம்பி குளித்து, காக்கிச் சட்டை போட்டு, ரயில்வேயில் கொடுத்த பழைய ஷூவை மாட்டிக்கொண்டு வந்தான். கையில் ஒரு தண்ணீர் பாட்டில். போனைக் கட்டில் மேலேயே விட்டுவிட்டான். ராத்திரியும் வரவில்லையே என்று கூப்பிட்டுப் பார்த்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது; இன்றைக்கு வரைக்கும் அவன் வரவில்லை. நகையை எடுத்துக்கொண்டு போனான் என்று கலையரசி சொல்லுகிறாளே, எந்த வீட்டில் நகை இருந்தது என்று அவளே வந்து காட்டட்டும். எவளையோ தேடிப் போனான் என்கிறாளே, அவன் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து அடையாளம் சொன்னதாக யாராவது சாட்சி சொல்லட்டும்.

நான் காலை ஒதுக்கி வழி விட்டேன். என்னைத் தாண்டி இறங்கினான். சுத்தியல் இல்லை. ஆனாலும் சுத்தியல் இருக்கிற தோள் மாதிரி வலது தோள் இறங்கித்தான் இருந்தது. எங்கள் வாசலிலிருந்து மூன்றாவது வீட்டுக்கு எதிரில் சாக்கடை மூடியில் ஒரு கல் ஆடும். அங்கே நின்றான். ஷூ முனையால் அதை அழுத்திப் பார்த்தான். இரண்டு பக்கமும் தெருவைப் பார்த்தான். அந்தக் கல்லைத் தாண்டி அந்தப் பக்கம் காலை வைத்தான்.

முக்கில் இடது பக்கம் திரும்பினால் ஆறு. வலது பக்கம் திரும்பினால் பஸ் ரோடு, அதைத் தாண்டி ரயில் பாதை. எங்கேடா போகிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. கிளம்பிப் போகிறவனைப் பின்னாலிருந்து எங்கே என்று கேட்கக் கூடாது, போகிற காரியம் கெட்டுப்போகும் என்று எங்கள் அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தவள். இத்தனை வயதுக்கு நான் ஒருவரையும் அப்படிக் கேட்டதில்லை. இவனுக்கு இனிமேலாவது போகிற காரியம் நல்லபடியாக நடக்கட்டும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். கீரை உருவிய பச்சை விரலெல்லாம் ஒட்டியிருந்தது. அவன் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று பார்ப்பதற்குள் மாடியிலிருந்து ஆர்த்தி, "அத்த, அடுப்புல பாலு வெச்சிருக்கேன், கொஞ்சம் பாருங்க" என்று கூப்பிட்டாள். நான் எழுந்து உள்ளே போய்ப் பாலை இறக்கினேன்.